இழப்பின் வாரிசும் பதவியின் உறவும்: இலங்கைத் தேர்தல்களில் அரசியல் குடும்பங்கள் குறித்த மக்கள் மனப்பாங்கு (1947–2024)

ஆய்வுச் சுருக்கம்

சுதந்திர இலங்கையின் அரசியல் வரலாறு பெரும்பாலும் சில குடும்பங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அக்குடும்பங்களை வாக்காளர் எவ்வாறு மதிப்பிட்டனர் என்னும் வினா அவ்வரலாறுகளில் பின்தங்கிவிடுகிறது. வாக்காளரின் ஆதரவு நிலப்பிரபுத்துவ மனநிலையின் எச்சம் என்றோ, வெறும் அனுதாப அலை என்றோ கடந்து செல்லப்படுகிறது. 1947 முதல் 2024 வரையிலான முக்கியத் தேர்தல்களை முன்வைத்து, இலங்கை வாக்காளர் குடும்பத் தொடர்பை இரு வேறு அளவுகோல்களால் மதிப்பிட்டனர் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. இறப்பினாலோ அநீதியினாலோ ஏற்பட்ட இழப்பின் வழியாக வந்த வாரிசை அவர்கள் பெரிதும் ஏற்றனர். ஆட்சிப் பதவியின் வழியாகப் பரவிய உறவினர் ஆதிக்கத்தை, வாழ்க்கைச் சுமை கூடிய காலங்களில் தண்டித்தனர். தண்டிக்கும் கருவியாக நெடுங்காலம் இன்னொரு குடும்பமே அமைந்தது. 2024ஆம் ஆண்டின் முடிவுகள் இப்போக்கிலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றன என்பதும், தமிழ்த் தொகுதிகளில் இது கொண்ட தனி வடிவமும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இலங்கைத் தேர்தல்கள், வாரிசு அரசியல், உறவாட்சி, பண்டாரநாயக்க, சேனநாயக்க, ராஜபக்ச, தொண்டமான், பொன்னம்பலம்.

1. முன்னுரை

2019 நவம்பரில் நடைபெற்ற இலங்கைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச 52.25 விழுக்காடு வாக்குகளைப் பெற்று வென்றார். 2024 செப்டம்பரில் நடைபெற்ற அடுத்த தேர்தலில், அவருடைய தமையனார் மகிந்தவின் மகனாகிய நாமல் ராஜபக்ச பெற்றது 2.57 விழுக்காடு. கட்சியும் ஒன்று, குடும்பமும் ஒன்று, இடைப்பட்ட காலம் ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவு. இவ்வீழ்ச்சியைக் குடும்ப அரசியலின் முடிவு என்று பலர் வரவேற்றனர். அம்முடிவுக்கு வருமுன் ஒரு வினாவுக்கு விடை காணவேண்டும். மக்கள் நிராகரித்தது குடும்பத்தையா, அக்குடும்பம் நடத்திய ஆட்சியையா?

இவ்வினா புதியதன்று. 1956இல் ஒரு குடும்ப வட்டம் தோற்றபோதும், 1977இல் மற்றொன்று தோற்றபோதும் இதே வரவேற்பு எழுந்தது. இரு முறையும் தோற்ற குடும்பமோ, அதன் உறவு வட்டமோ மீண்டும் ஆட்சிக்கு வந்தது. ஆகவே 2024ஐ முந்தைய தேர்தல்களோடு வைத்து நோக்குவதே முறை.

இக்கட்டுரையில் இரு சொற்கள் வேறுபடுத்திக் கையாளப்படுகின்றன. ஒரு தலைவர் மறைந்த பின்போ அரசியலிலிருந்து அகற்றப்பட்ட பின்போ அவருடைய இடத்துக்கு உறவினர் வருவது ‘வாரிசுரிமை’ எனப்படுகிறது. ஒருவர் பதவியில் இருக்கும்போதே தம் உறவினர்க்கு அமைச்சுகளையும் அரசு நிறுவனங்களையும் பகிர்ந்தளிப்பது ‘உறவாட்சி’ எனப்படுகிறது. பொதுப் பேச்சில் இவ்விரண்டும் ‘குடும்ப அரசியல்’ என்னும் ஒரே பெயரால் சுட்டப்படுகின்றன. ஆனால் வாக்குப் பெட்டியில் இவை ஒன்றாக நடத்தப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்து.

2. சான்றுகளும் அவற்றின் எல்லைகளும்

மக்கள் மனப்பாங்கைத் தேர்தல் முடிவுகளிலிருந்து நேராகப் படித்தறிய இயலாது. இருக்கைகளின் எண்ணிக்கை பெரிதும் தவறான தோற்றம் தரக்கூடியது. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 விழுக்காடு வாக்குகளைக் கொண்டு 168 இடங்களில் 140ஐக் கைப்பற்றியது. ஏறத்தாழ 30 விழுக்காடு வாக்குகளைப் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 8 இடங்களே கிடைத்தன. ‘மக்கள் துடைத்தெறிந்தனர்’ என்று அன்று கூறப்பட்ட கட்சிக்குப் பத்தில் மூவர் வாக்களித்திருந்தனர்.

1960 ஜூலைத் தேர்தலும் இவ்வாறே. கணவரை இழந்த ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவை அனுதாப அலை ஆட்சியில் அமர்த்தியது என்பது பரவலான கருத்து. சுதந்திரக் கட்சி 75 இடங்களையும் ஐக்கிய தேசியக் கட்சி 30 இடங்களையும் பெற்றன என்பது உண்மை. எனினும் நாடளாவிய மொத்த வாக்குகளில் ஐக்கிய தேசியக் கட்சியே முன்னிலையில் இருந்தது. இடதுசாரிக் கட்சிகளோடு செய்துகொண்ட போட்டித் தவிர்ப்பு உடன்பாடே சுதந்திரக் கட்சியின் வாக்குகளை இருக்கைகளாக மாற்றியது. அனுதாபம் இருந்தது, ஆனால் அது தனித்து இயங்கவில்லை.

இக்காரணத்தால் வாக்குகளோடு வேறு மூவகைச் சான்றுகளும் இங்கு கருதப்படுகின்றன. முதலாவது, தேர்தல் காலப் பரிகாசங்களும் முழக்கங்களும். இரண்டாவது, அரசியலமைப்புத் திருத்தங்கள்; குறிப்பிட்ட குடும்பத்தினரை நோக்கி எழுதப்பட்டவை என்று பரவலாகக் கருதப்பட்ட விதிகள் அவற்றில் உள்ளன. மூன்றாவது, ஒரே தேர்தலில் நாடு ஒருவிதமாகவும் குடும்பத்தின் சொந்தத் தொகுதி வேறுவிதமாகவும் வாக்களித்த நிகழ்வுகள்.

3. வாக்குரிமைக்கு முற்பட்ட குடும்ப இருக்கை

இலங்கையின் அரசியல் குடும்பங்களை உருவாக்கியவர்கள் வாக்காளர் அல்லர். குடியேற்ற அரசின் நியமன முறையே அவற்றின் தொடக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் சட்டநிரூபண சபையில் தமிழருக்கென ஒதுக்கப்பட்ட நியமன இருக்கை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி, அவர் மகன் முத்து குமாரசுவாமி, முத்துவின் மருமகன் பொன்னம்பலம் இராமநாதன், இராமநாதனின் சகோதரர் பொன்னம்பலம் குமாரசுவாமி என ஒரே குடும்பத்தினர் பலர் அவ்விருக்கையில் அமர்ந்தனர். சிங்களவர் இருக்கையும் டயஸ் பண்டாரநாயக்க – ஒபயசேகர உறவு வட்டத்துக்குள் நெடுங்காலம் சுழன்றது.

1911இல் ‘படித்த இலங்கையர்’ இருக்கைக்கு இராமநாதன் சிங்களவர், தமிழர் இருபாலாரின் வாக்குகளாலும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆளுநர் நியமித்த பெயரைக் குறுகிய வாக்காளர் வட்டமும் உறுதிசெய்தது. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு அனைவர்க்கும் வாக்குரிமை வழங்கியபோது, புதிய வாக்காளர் முன் நின்ற பெயர்களுள் பல இவ்வாறு ஏற்கெனவே அறிமுகமானவை. கட்சிகள் வேரூன்றாத நிலையில் குடும்பப் பெயரே வாக்காளர் அறிந்த அடையாளமாக இருந்தது.

4. இழப்பின் வாரிசு

4.1 டட்லி சேனநாயக்க, 1952

முதற் பிரதமர் டி.எஸ். சேனநாயக்க 1952 மார்ச்சில் குதிரையிலிருந்து விழுந்து மறைந்தார். கட்சியில் மூத்தவராகிய சேர் ஜோன் கொத்தலாவலை இருக்க, மறைந்தவரின் மகன் டட்லியையே ஆளுநர் நாயகம் சோல்பரிப் பிரபு ஆட்சியமைக்க அழைத்தார். அதே ஆண்டு மே மாதத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி தன் பலத்தை 1947இல் பெற்ற 42இலிருந்து 54 இடங்களாக உயர்த்திக்கொண்டது. தேர்வு மேலிருந்து வந்தது; வாக்காளர் அதை ஏற்றனர்.

அவ்வேற்பு எவ்வளவு காலம் நிலைத்தது என்பதே கவனத்துக்குரியது. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12 அன்று நாடு தழுவிய ஹர்த்தால் நிகழ்ந்தது. அக்டோபரில் டட்லி பதவி விலகினார். தந்தையின் மறைவு தந்த நம்பிக்கை ஓர் அரிசி விலை உயர்வைத் தாங்கவில்லை.

4.2 ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க, 1960

எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க 1959 செப்டம்பரில் சுடப்பட்டு இறந்தார். 1960 மார்ச்சுத் தேர்தலில் சி.பி. டி சில்வாவின் தலைமையில் நின்ற சுதந்திரக் கட்சி 46 இடங்களைப் பெற்றது. ஜூலையில் ஸ்ரீமாவோவின் தலைமையில் 75 இடங்களைப் பெற்றது. அவர் அத்தேர்தலில் வேட்பாளராக நிற்கவில்லை. வென்ற பின் மூதவை வழியாகவே பிரதமரானார். ஆகவே எந்தத் தொகுதி வாக்காளரும் அவருக்கு நேராக வாக்களிக்கவில்லை. கணவர் தொடங்கிய பணியின் தொடர்ச்சி என்பதற்கே அவர்கள் வாக்களித்தனர். வாரிசுரிமையின் உள்ளடக்கம் இங்கு வெளிப்படுகிறது. வாரிசு தம் தகுதியால் மதிப்பிடப்படவில்லை. முற்றுப்பெறாத ஒன்றின் காப்பாளராக மதிப்பிடப்பட்டார்.

4.3 சந்திரிகாவும் சிறீமாவும், 1994

இழப்பு மட்டுமே வெற்றி தருமாயின் 1994ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் தேர்தல் கடும்போட்டியாக இருந்திருக்கும். சந்திரிகா குமாரதுங்க 1959இல் தந்தையையும் 1988இல் கணவர் விஜய குமாரதுங்கவையும் கொலைக்குப் பறிகொடுத்தவர். எதிரணி வேட்பாளர் காமினி திசாநாயக்க தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன் குண்டுவெடிப்பில் கொல்லப்பட, அவருடைய மனைவி சிறீமா வேட்பாளராக நிறுத்தப்பட்டார். கைம்பெண்கள் இருவர் நேருக்கு நேர் நின்ற அத்தேர்தலில் சந்திரிகா 62.28 விழுக்காடும் சிறீமா ஏறத்தாழ 36 விழுக்காடும் பெற்றனர்.

துயரம் இருவர்க்கும் பொது. வேறுபட்டது அரசியல் சூழல். ஒருவர் 17 ஆண்டுகள் ஆட்சியில் இருந்த கட்சியின் வேட்பாளர்; மற்றவர் அக்கட்சியால் ஒடுக்கப்பட்ட தரப்பின் வாரிசு, போருக்கு முடிவு காண்பதாக வாக்களித்தவர். வாரிசின் இழப்பு மக்களின் சொந்த இழப்போடு இணையும்போதுதான் அது வாக்காக மாறுகிறது என்று இதிலிருந்து கொள்ளலாம்.

5. பதவியின் உறவு

5.1 ‘மாமன் மருமகன் கட்சி’

1950களில் ஐக்கிய தேசியக் கட்சியின் ஆங்கில முதலெழுத்துகளாகிய யூ.என்.பி. என்பதை ‘மாமன் மருமகன் கட்சி’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடராக விரித்து எதிரணியினர் பரிகசித்தனர். அப்பரிகாசம் உண்மையை ஒட்டியதே. டி.எஸ். சேனநாயக்கவின் சகோதரர் எஃப்.ஆர். சேனநாயக்கவின் மனைவியும், கொத்தலாவலையின் தாயாரும், ஜே.ஆர். ஜயவர்த்தனவுடைய தந்தையின் சகோதரர் ஒருவரின் மனைவியும் அத்திகல குடும்பத்துச் சகோதரிகள்.

1956இல் அக்கட்சி 8 இடங்களுக்குச் சுருங்கியது. மொழிக் கோரிக்கை, பௌத்த மறுமலர்ச்சி, கிராமப்புற அதிருப்தி ஆகியவையே அத்தோல்விக்கு முதன்மைக் காரணங்கள். உறவாட்சிக் குற்றச்சாட்டு அவற்றை ஒரே படமாகத் தொகுத்துக் காட்டியது: நாடு ஒரு வீட்டாரின் சொத்தாகிவிட்டது என்பது அப்படம். ஆயினும் அவ்வீட்டாரை வென்றவர் மகா முதலியார் சேர் சொலமன் டயஸ் பண்டாரநாயக்கவின் மகன். களனித் தொகுதியில் ஜே.ஆர். ஜயவர்த்தனவைத் தோற்கடித்தவர் எஃப்.ஆர். சேனநாயக்கவின் மகனாகிய ஆர்.ஜி. சேனநாயக்க. குடும்ப ஆட்சிக்கு எதிரான வாக்கு, மற்றொரு குடும்பத்தையும் அதே குடும்பத்தின் மாற்றுக் கிளையையும் வந்தடைந்தது.

5.2 1977: வீழ்ச்சியும் விதிவிலக்கும்

1970இல் 91 இடங்களுடன் மீண்ட சுதந்திரக் கட்சியின் ஆட்சியில் பிரதமரின் நெருங்கிய உறவினர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க செல்வாக்குள்ள அமைச்சராக விளங்கினார். மூத்த மகள் சுனேத்திரா பிரதமரின் ஒருங்கிணைப்புச் செயலாளராகவும், இளைய மகள் சந்திரிகா காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவிலும் பணியாற்றினர். உணவுத் தட்டுப்பாடு, வேலையின்மை, நீண்ட அவசரகால ஆட்சி, 1972 அரசியலமைப்பின் வழி நீடிக்கப்பட்ட ஆட்சிக்காலம் ஆகியவற்றோடு சேர்ந்தபோது இவ்வுறவு நியமனங்கள் தாங்கமுடியாதவையாயின. உணவுக்கு வரிசையில் நின்ற குடும்பங்கள் ஆட்சியிலிருந்த குடும்பத்தைக் கணக்கெடுக்கத் தொடங்கின.

எனினும் சுதந்திரக் கட்சிக்கு எஞ்சிய 8 இடங்களுள் இரண்டு தாய்க்கும் மகனுக்கும் உரியவை. அத்தனகல்லையில் ஸ்ரீமாவோ வென்றார். மூன்று உறுப்பினர்களைக் கொண்ட நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து அநுர பண்டாரநாயக்க நாடாளுமன்றம் புகுந்தார். அத்தொகுதியில் அன்று தெரிவான மற்ற இருவர் காமினி திசாநாயக்கவும் சௌமியமூர்த்தி தொண்டமானும். ஒருவரின் மனைவி பின்னர்க் குடியரசுத் தலைவர் வேட்பாளரானார். மற்றவரின் பேரனும் கொள்ளுப்பேரனும் அமைச்சர்களாயினர். குடும்ப ஆட்சியைத் தண்டித்ததாகக் கூறப்படும் தேர்தலில் ஒரே தொகுதி மூன்று அரசியல் குடும்பங்களின் பிரதிநிதிகளைத் தேர்ந்தது. பிரதமர் ஜயவர்த்தனவின் மருமகன் முறையினராகிய ரணில் விக்கிரமசிங்க பியகமத் தொகுதியில் வென்றதும் அத்தேர்தலில்தான்.

1980இல் புதிய அரசு ஸ்ரீமாவோவின் குடியியல் உரிமைகளை ஏழாண்டுகளுக்குப் பறித்தது. அரசியல் எதிரியை அகற்றும் முயற்சியாகிய அது எதிர்விளைவைத் தந்தது. உறவாட்சிக்காகத் தண்டிக்கப்பட்டவர் அநீதிக்கு உள்ளானவராக மாறினார். உரிமை மீண்ட பின், 1988 குடியரசுத் தலைவர் தேர்தலில் அவர் 44.95 விழுக்காடு பெற்றார். பதவியால் இழந்த மதிப்பை இழப்பு ஓரளவு மீட்டுத் தந்தது.

6. வரிசையில் காத்திருந்தோர்

குடும்ப ஆட்சி என்னும் குற்றச்சாட்டு மக்களிடமிருந்து தானாக எழுந்ததா என்பதும் ஆராயத்தக்கது. அதற்கு அரசியல் சொல்வளம் தந்தவர்கள் பெரும்பாலும் கட்சிக்குள் தாண்டிச் செல்லப்பட்டவர்களே. 1951இல் பண்டாரநாயக்க ஐக்கிய தேசியக் கட்சியை விட்டு விலகியதற்குக் கொள்கை வேறுபாடுகளோடு, தலைமை தமக்கு வராது என்னும் உணர்வும் காரணமாகச் சொல்லப்படுகிறது. 1952இல் தாண்டப்பட்டவர் கொத்தலாவலை. 1960 மார்ச்சில் கட்சியை வழிநடத்திப் பின் ஸ்ரீமாவோவுக்கு இடமளித்த சி.பி. டி சில்வா, 1964 டிசம்பரில் கட்சி மாறி அவ்வரசைக் கவிழ்த்தார். 1993இல் சகோதரியிடம் தலைமையை இழந்த அநுர எதிர்க்கட்சிக்கே சென்றார்.

கட்சிகளில் தலைமைக்கு முறையான உட்கட்சித் தேர்தல் இன்மையே இவ்வெல்லாவற்றுக்கும் பொதுக் காரணம். மூத்தவர் காத்திருந்தால் வாய்ப்பு வரும் என்னும் உறுதியை எக்கட்சியும் தரவில்லை. போட்டிக் குழுக்கள் மோதும் கட்சியில், எவரும் வெளிப்படையாக எதிர்க்கத் தயங்கும் ஒரே பெயர் நிறுவனரின் குடும்பப் பெயராகவே இருந்தது. ஆகவே வாரிசு என்பவர் மக்கள் கேட்டு வந்தவர் என்பதைவிட, பிளவைத் தவிர்க்கக் கட்சி கண்டுபிடித்த சமரசம் என்பதே பல வேளைகளில் பொருந்தும். வாக்காளரின் ‘குடும்பப் பற்று’ என அழைக்கப்படுவதில் ஒரு பகுதி, அவர்முன் வைக்கப்பட்ட தேர்வுகளின் குறுக்கமே.

7. ராஜபக்ச குடும்பம்

அம்பாந்தோட்டையின் ராஜபக்ச குடும்பம் கொழும்பு மேட்டுக்குடிக்கு வெளியிலிருந்து வந்தது. 1936இல் அரசாங்க சபைக்குத் தெரிவான டி.எம். ராஜபக்ச குரக்கன் பயிரிடும் உழவரின் அடையாளமாகக் குரக்கன் நிறச் சால்வை அணிந்தார்; 1945இல் அவர் மறைந்தபின் தம்பி டி.ஏ. ராஜபக்ச அவ்விடத்துக்கு வந்தார். டி.ஏ.யின் மகன் மகிந்த 1970இல் தம் 24ஆம் வயதில் பெலியத்தையில் வென்றார். 2005இல் அவர் 50.29 விழுக்காடு பெற்றுக் குடியரசுத் தலைவரானபோது, பழைய இரு குடும்பங்களின் பிடியிலிருந்து நாடு விடுபட்டதாகப் பலர் கருதினர்.

2010இல் போர் வெற்றியின் பின்னணியில் 57.88 விழுக்காடு பெற்ற அவருடைய ஆட்சியில் சமல் நாடாளுமன்றச் சபாநாயகர், பசில் பொருளாதார அபிவிருத்தி அமைச்சர், கோட்டாபய பாதுகாப்புச் செயலாளர், நாமல் நாடாளுமன்ற உறுப்பினர். அதே ஆண்டின் 18ஆம் திருத்தம் பதவிக்கால வரம்பை நீக்கியது. 2015 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேன 51.28 விழுக்காடு பெற்று வென்றார். ‘குடும்ப ஆட்சி’ அத்தேர்தலின் மையச் சொல். எனினும் புதிய தலைவரின் சகோதரர் அதே ஆண்டிலேயே ஸ்ரீலங்கா டெலிகொம் நிறுவனத்தின் தலைவராக நியமிக்கப்பட்டார். குடும்ப ஆட்சிக்கு எதிரான வாக்கு, உறவு நியமனத்தைத் தடுக்கும் விதியாக மாறவில்லை.

அரசியலமைப்பில் நிகழ்ந்தது வேறு. 2015இன் 19ஆம் திருத்தம் இரட்டைக் குடியுரிமையாளர் நாடாளுமன்றம் செல்வதைத் தடுத்தது. குடியரசுத் தலைவர் வேட்பாளரின் குறைந்தபட்ச வயதை 30இலிருந்து 35ஆக உயர்த்தியது. முன்னையது பசிலையும் பின்னையது நாமலையும் நோக்கியவை என்று பரவலாகக் கருதப்பட்டது. 2020இன் 20ஆம் திருத்தம் இரட்டைக் குடியுரிமைத் தடையை நீக்கியது. 2021இல் பசில் நிதி அமைச்சரானார். 2022இன் 21ஆம் திருத்தம் அத்தடையை மீண்டும் கொணர்ந்தது. ஏழாண்டுகளில் ஒரு விதி மும்முறை மாறியது. நாட்டின் அடிப்படைச் சட்டமே ஒரு குடும்பத்தின் ஏற்ற இறக்கத்தோடு அசைந்தது எனலாம்.

2015இல் தோற்ற குடும்பம் 2019இல் மீண்டது எங்ஙனம்? உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தபின் பாதுகாப்பே முதன்மை வினாவாயிற்று. ஆட்சியில் இல்லாத குடும்பத்தின் மீது உறவாட்சிக் குற்றச்சாட்டு எடுபடவுமில்லை. 2020இல் பொதுஜன பெரமுன 145 இடங்களைப் பெற்றது. 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோது குடியரசுத் தலைவராகவும் பிரதமராகவும் சகோதரர் இருவர் இருந்தனர். நிதி அமைச்சராக இருந்த மூன்றாமவர் அம்மாதத் தொடக்கத்தில்தான் அப்பதவியை இழந்திருந்தார். எரிபொருள் வரிசையில் நின்றவர்க்குப் பொறுப்பாளி யார் என்பதில் ஐயமே எழவில்லை. உறவாட்சி வெற்றிக்காலத்தில் புகழை ஓரிடத்தில் குவிப்பது போல, நெருக்கடிக்காலத்தில் பழியையும் ஓரிடத்தில் குவிக்கிறது. ‘கோட்டா வீட்டுக்குப் போ’ என்னும் முழக்கத்தோடு தொடங்கிய போராட்டம் மே 9 அன்று மெதமுலனையிலுள்ள டி.ஏ. ராஜபக்ச நினைவிடத்தின் அழிப்பு வரை சென்றது. மறைந்தோர் நினைவே வாரிசுரிமையின் ஊற்று என்பதால் இந்நிகழ்வு தனிப்பொருள் கொண்டது. சினம் ஆள்வோரைக் கடந்து, அவர்தம் உரிமையின் மூலத்தையே தொட்டது.

8. தமிழ்த் தொகுதிகள்

தெற்கின் குடும்பங்களைத் தமிழ் வாக்காளர் நோக்கிய நோக்கு வேறு. பண்டாரநாயக்க என்னும் பெயர் 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தையும், 1957இல் செல்வநாயகத்தோடு எழுதப்பட்டு மறு ஆண்டே கைவிடப்பட்ட ஒப்பந்தத்தையும், 1972 அரசியலமைப்பையும் நினைவூட்டியது. சேனநாயக்க என்னும் பெயர் 1948இன் குடியுரிமைச் சட்டத்தையும், நிறைவேறாத 1965ஆம் ஆண்டின் டட்லி–செல்வநாயகம் உடன்பாட்டையும் நினைவூட்டியது. 2015இல் மகிந்தவுக்கு எதிராக வடகிழக்கில் விழுந்த வாக்குகளைக் குடும்ப ஆட்சிக்கு எதிரான வாக்குகள் என்று மட்டும் கொள்வது போரின் நினைவை மறைப்பதாகும்.

தமிழர்தம் அரசியல் குடும்பங்களின் வரலாறும் சீரானதன்று. 1947இல் யாழ்ப்பாணத் தொகுதியில் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் மகன் அருணாசலம் மகாதேவாவை ஜி.ஜி. பொன்னம்பலம் தோற்கடித்தார். பெயர் ஒத்திருப்பினும் அவர் அக்குடும்பத்தவர் அல்லர். பழைய குடும்பத்தை வென்ற அவரே மற்றொரு மரபின் தொடக்கமானார். அவர் மகன் குமார் பொன்னம்பலம் 2000 ஜனவரியில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். பேரன் கஜேந்திரகுமார் 2001இல் நாடாளுமன்றம் சென்றார். இங்கும் இழப்பே வழி திறந்தது. ஆயினும் அவ்வழி நிலையானதன்று என்பதை 2010, 2015 தேர்தல்களில் அவர் கண்ட தோல்விகள் காட்டின.

தமிழரசுக் கட்சி இதற்கு மறுதலை. 1977 ஏப்ரலில் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் மறைந்தபின் அவர் பிரதிநிதித்துவப்படுத்திய காங்கேசன்துறையில் அ. அமிர்தலிங்கம் போட்டியிட்டு வென்றார். தலைவரின் மறைவு ஆழ்ந்த துயரத்தை எழுப்பிய போதிலும் அது குடும்பத்துக்கு உரியதாகாமல் கட்சிக்கு உரியதாயிற்று.

மலையகத்தின் நிலை தனி விளக்கம் வேண்டுவது. 1947இல் தொண்டமான் உட்பட இந்திய வம்சாவளித் தமிழர் பலர் நாடாளுமன்றம் சென்றனர். அடுத்துவந்த குடியுரிமை, வாக்குரிமைச் சட்டங்களால் தோட்டத் தொழிலாளருள் மிகப்பெரும்பாலோர் வாக்கிழந்தனர். 1960களில் தொண்டமான் நியமன உறுப்பினராகவே சபையில் இருந்தார். 1977இல்தான் மீண்டும் தேர்தலில் வென்றார். வாக்கில்லாத மூன்று பதிற்றாண்டுகளில் சம்பளம், லயன் வீடு, குடியுரிமை விண்ணப்பம் என எல்லாவற்றுக்கும் தொழிற்சங்கமே வாயிலாக இருந்தது. சங்கத் தலைமையின் மீதான பற்று அவ்வாறு உருவானது. 1999இல் தொண்டமான் மறைந்தபின் பேரன் ஆறுமுகன் தலைமையேற்றார். 2020 மே மாதத்தில் அவர் மறைய, சில வாரங்களில் நடந்த தேர்தலில் அவர் மகன் ஜீவன் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட விருப்பு வாக்குகளைப் பெற்றார். இதை வெறும் குலவழிப்பாடு என ஒதுக்கினால், குடியுரிமை பறிக்கப்பட்ட ஒரு மக்கள் தம் பிரதிநிதித்துவத்தை எவ்வாறு காத்துக்கொண்டனர் என்பதும் உடன் ஒதுக்கப்படும். அதே வேளை அம்மக்களின் கூலியும் வீடும் காணியும் இன்னும் தீராத வினாக்களாக இருப்பதால், அப்பற்றின் பயனும் கேள்விக்குரியதே.

9. 2024: எது மாறியது?

2024 செப்டம்பர்த் தேர்தலில் அநுரகுமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் 42.31 விழுக்காடு பெற்று, விருப்பு வாக்குகளின் எண்ணிக்கைக்குப் பின் வெற்றியாளரானார். இரண்டாம் இடம் பெற்ற சஜித் பிரேமதாச, 1993இல் கொல்லப்பட்ட குடியரசுத் தலைவரின் மகன். மூன்றாமவர் ஜயவர்த்தனவின் உறவினராகிய ரணில். நான்காமவர் நாமல். அரசியல் குடும்பத்தவர் மூவரையும் அத்தகைய பின்புலம் இல்லாத ஒருவர் தோற்கடித்தது இலங்கைக்குப் புதியது. நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 225 இடங்களில் 159ஐப் பெற்றது. மகிந்த, சமல், பசில் ஆகியோர் போட்டியிடவில்லை. நாமல் தேசியப் பட்டியல் வழியாகவே சபைக்கு வந்தார். யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 இடங்களுள் 3ஐத் தேசிய மக்கள் சக்தி வென்றது.

முந்தைய தேர்தல்களோடு ஒப்பிட இங்கு ஓர் உண்மை தெளிவாகிறது. தேசிய மக்கள் சக்தியின் மையமான மக்கள் விடுதலை முன்னணிக்கும் இழப்பின் வரலாறு உண்டு. 1971இலும் 1987–89இலும் அதன் இளைஞர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அதன் கைகளாலும் பலர் மாண்டனர். தன் மறைந்தோரை அது ஆண்டுதோறும் நவம்பரில் நினைவுகூர்கிறது. ஆனால் நிறுவனர் ரோகண விஜேவீரவின் இடத்துக்கு அவர் குடும்பத்தவர் வரவில்லை. இழப்பின் வாரிசாகக் கட்சியே நின்றது. இழப்பை மதிக்கும் மக்கள் மனப்பாங்கு 2024இல் மறைந்துவிடவில்லை. அம்மதிப்பு குடும்பத்தைச் சாராமலும் நிற்க முடியும் என்பதே புலனாயிற்று.

அதே நவம்பரில் ஜீவன் தொண்டமானும் கஜேந்திரகுமார் பொன்னம்பலமும் தத்தம் இடங்களைத் தக்கவைத்துக்கொண்டனர். நாடு தழுவிய எதிர்ப்பு அலையிலும் ஆட்சிப் பழியைச் சுமக்காத, அல்லது குறைவாகச் சுமந்த வாரிசுகள் நிலைத்தனர் என்பது இக்கட்டுரையின் வேறுபடுத்தலோடு ஒத்துப்போகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, இலங்கை வாக்காளர் குடும்பப் பெயருக்கு வரம்பற்ற விசுவாசம் காட்டவில்லை. இழப்பின் வழி வந்தவருக்கு நம்பிக்கையை முன்கூட்டி வழங்கினர். அது வீணானபோது திரும்பப் பெற்றனர். 1952இல் வழங்கப்பட்ட நம்பிக்கை 1953இலேயே திரும்பப் பெறப்பட்டது. இரண்டாவது, உறவாட்சி எப்போதும் வெறுக்கப்பட்டதன்று. நிறைவுக் காலத்தில் பொறுத்துக்கொள்ளப்பட்டு, பற்றாக்குறைக் காலத்தில் குற்றமாகக் கணக்கிடப்பட்டது. மூன்றாவது, குடும்பத்தை வென்றவர் தாமே குடும்பமாவது அடிக்கடி நிகழ்ந்தது. ஜி.ஜி. பொன்னம்பலம், ரணசிங்க பிரேமதாச, மகிந்த ராஜபக்ச ஆகிய மூவரும் தத்தம் காலத்தில் பழைய மேட்டுக்குடிக்கு மாற்றாகக் கருதப்பட்டவர்கள். மூவர் பெயரும் இன்று அடுத்த தலைமுறையால் சுமக்கப்படுகின்றன.

எனவே 2024ஐக் குடும்ப அரசியலின் முடிவு என்று கொள்வதற்கு வரலாறு இடந்தரவில்லை. உட்கட்சித் தேர்தல், தலைமைக் கால வரம்பு, அரசு நிறுவன நியமனங்களில் உறவினரை விலக்கும் பொது விதி ஆகியவை அமையாதவரை, அடுத்த நெருக்கடியில் வாக்காளர் முன் மீண்டும் பழைய பெயர்களே வைக்கப்படக்கூடும். அப்போது அவற்றுள் ஒன்றை அவர்கள் தேர்ந்தால், அதை அவர்களது அறியாமையின் சான்றாகக் கொள்ளலாகாது. அவர்களுக்கு என்னென்ன தேர்வுகள் அளிக்கப்பட்டன என்பதையே ஆய்வாளர் முதலில் வினவவேண்டும்.